குளிர் யார் கையில்?

*கரையில் ஏலம் போகும் இறாலும் கணவாயும் ஒரு மாதம் கடலில் பயணம் செய்து அயல்நாட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பயணத்தில் விலையை முடிவு செய்வது குளிர். புதுச்சேரி மீனவருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அந்தக் குளிர் எட்டாமல் இருப்பது ஏன்?*

விடிவதற்கு வெகுநேரம் முன்பே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் 'தங்கல்' போய்த் திரும்பும் விசைப்படகுகள் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். ஐஸ் அறையின் மூடியைத் திறந்ததும் சங்கரா, கணவாய், இறால், நண்டு, வஞ்சிரம் என்று கூடை கூடையாக மேலே ஏறும். தரையில் கொட்டி ரகம் பிரிப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஏலம் தொடங்கும்.

அந்த ஏலத்தைச் சுற்றி இரண்டு வகையான ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கொள்முதல் செய்பவர். அவருடைய வண்டியில் தெர்மாகோல் வைத்த பெட்டிகளும் உடைத்த ஐஸும் தயாராக இருக்கும். இன்னொருவர் அன்னக்கூடையோடு வந்திருக்கும் மீன்காரம்மா. அவர் வாங்கும் மீனைக் குபேர் அங்காடியிலோ தெருத்தெருவாகவோ நண்பகலுக்குள் விற்றாக வேண்டும். வெயில் ஏற ஏற அவருடைய விலை இறங்கும். ஏற்றுமதிக்குப் போகும் இறாலோ முறையாக உறைய வைத்தால் ஒன்றரை ஆண்டு கெடாது. விலை வரும்வரை காத்திருக்கலாம். எந்த நாட்டில் நல்ல விலை கிடைக்கிறதோ அந்த நாட்டுக்கு அனுப்பலாம்.

ஒரே கடல், ஒரே படகு, ஒரே மீன். ஒருவருக்கு ஆறு மணி நேரம்தான் அவகாசம். இன்னொருவருக்குப் பதினெட்டு மாதம். குளிர் யார் கையில் இருக்கிறதோ விலையும் அவர் கையில் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஏலத் தரையைவிட நல்ல இடம் இல்லை.

62 ஆயிரம் கோடி

இந்தியா 2024-25இல் ஏற்றுமதி செய்த கடல் உணவு 16.98 லட்சம் டன். அதன் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 7.41 லட்சம் டன். டாலர் கணக்கில் மொத்த வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். ஏறத்தாழ முழுவதும் கப்பலில், குளிர்ப்பெட்டிகளில் போகிறது. விமானத்தில் போவது உயிர் நண்டு, ஐஸில் வைத்த உயர்ரக மீன் போன்ற சிறு பகுதி மட்டுமே.

இவ்வளவு பெரிய வணிகத்தின் தொடக்கம் மிகச் சிறியது. 1953இல் கொச்சியிலிருந்து 13 டன் உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. அதற்கு முன் இந்தியக் கடற்கரையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன மீன் என்றால் பெரும்பாலும் கருவாடுதான். சோழமண்டலக் கரையின் கருவாடு இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. உப்பும் வெயிலும்தான் அன்றைய குளிர்பதனம். அதற்கு மின்சாரம் வேண்டாம், முதலீடு வேண்டாம். அது மீனவப் பெண்களின் கையில் இருந்த தொழில்நுட்பம். உறைகுளிர் வந்த பிறகு அந்த இடத்துக்குத் தொழிற்சாலை வந்தது. 1972இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் தொடங்கப்பட்டது. 2009இல் வெனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு ஏற்றுமதி பல மடங்கு பெருகியது.

முதல் சில மணி நேரம்

மீன் கெடுவது கப்பலில் அல்ல, கரையில். அதுவும் பிடித்த முதல் சில மணி நேரத்தில். முப்பது டிகிரி வெயிலில் கிடக்கும் மீனில் நுண்ணுயிர்கள் பெருகும் வேகமும், பூஜ்ஜியம் டிகிரியில் ஐஸுக்குள் இருக்கும் மீனில் பெருகும் வேகமும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாதவை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சூட்டில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பாகும். ஒரு நாட்டின் சோதனைக்கூடத்தில் இது பிடிபட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

நம் நாட்டு வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் மீன்வளத் தொழில்நுட்பர்கள் சொல்லும் கணக்கு. தங்கல் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் போகின்றன. ஆனால் வீராம்பட்டினம், நல்லவாடு, காலாப்பட்டு போன்ற ஊர்களில் மணலில் ஏற்றும் ஃபைபர் படகுகளுக்கு இது எளிதல்ல. இடம் குறைவு, சில மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணம், ஐஸ் வாங்கவும் காசு வேண்டும். கரைக்கு வந்ததும் நிழல் இல்லை, மேடை இல்லை. மீன் மணலில் கிடக்கிறது.

நம் வீடுகளிலும் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. "ஐஸ் வெச்ச மீனா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். வெயிலில் நான்கு மணி நேரம் கிடந்த மீன் 'பச்சை மீன்' என்ற பெயரில் விற்றுப்போகிறது. பிடித்த உடனே ஐஸில் வைத்த மீனைக் கண்டு முகம் சுளிக்கிறோம். உள்ளூர்ச் சந்தை குளிருக்கு விலை தராததால், சிறு மீனவரும் மீன்காரம்மாவும் அதற்குச் செலவு செய்யத் தயங்குகிறார்கள். வெளிநாட்டுச் சந்தை குளிருக்கு மட்டுமே விலை தருகிறது. அதனால் நல்ல மீனும் நல்ல ஐஸும் சேர்ந்தே ஊரைவிட்டு வெளியேறுகின்றன.

வேகமே உயிர்

உறைய வைப்பது என்றால் ஃப்ரீசரில் போட்டு மூடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் அது நேரத்தோடு நடக்கும் ஓட்டம். இறாலில் உள்ள நீரின் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் பனியாக மாறுகிறது. அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடந்தால் பெரிய ஊசி ஊசியான பனிப்படிகங்கள் உருவாகித் தசையின் செல்களைக் கிழித்துவிடும். பிறகு உருக வைத்தால் நீர் வடிந்து, தசை நாராகிச் சவசவ என்று போகும். வேகமாகக் கடந்தால் படிகங்கள் மிகச் சிறியதாக இருக்கும். இறால் தன் இறுக்கத்தை இழக்காது.

அதனால்தான் மைனஸ் 35, 40 டிகிரியில் இயங்கும் பிளேட் ஃப்ரீசர்கள் தேவைப்படுகின்றன. தண்ணீரோடு தட்டில் அடுக்கிய இறால் இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே இறுகிக் கட்டியாகிறது. ஒவ்வொரு இறாலையும் தனித்தனியாக உறைய வைக்கும் ஐக்யூஎஃப் முறையில் ஓடும் பட்டையின் மேல் உறைகாற்று வீசி நிமிடக் கணக்கில் வேலையை முடிக்கிறார்கள். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் இறாலின் மேல் மெல்லிய பனித்தோல் படியும். அதற்குப் பெயர் கிளேஸ். காற்றுப் பட்டு உலராமலும் நிறம் மாறாமலும் காப்பது அதுதான். நடுப்பகுதி மைனஸ் 18 டிகிரியைத் தொட்ட பிறகே அட்டைப்பெட்டிக்குள் போகும்.

இந்த மைனஸ் 18க்கு ஆழமான விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. ஃபாரன்ஹீட் அளவில் அது பூஜ்ஜியம். சென்ற நூற்றாண்டில் வசதியான முழு எண்ணாக எடுத்துக்கொண்ட அளவு உலகத் தரமாக நிலைத்துவிட்டது. மைனஸ் 15 போதுமே, அதனால் மிச்சமாகும் மின்சாரம் பெரிது என்று ஒரு கூட்டமைப்பு 2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டின்போது முயற்சியைத் தொடங்கியிருக்கிறது. சரக்குக்கு ஏற்ப ஆய்வு செய்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் மூன்று டிகிரி வித்தியாசத்தை உலகம் எண்ணிப் பார்க்கும் இந்தக் காலத்தில், நம் கரையில் மீனுக்குத் தேவையான குளிருக்கும் வெயிலுக்கும் இடையே முப்பது டிகிரி இடைவெளி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

இந்த ஓட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் நரம்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் கை நனைத்து நின்றபடி செய்யும் வேலை. ஆந்திரத் தொழிற்சாலைகளிலும் தோலுரிக்கும் கூடங்களிலும் நிலவும் பணிச்சூழல் பற்றி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட புலனாய்வு, அமெரிக்கச் சந்தை வரை எதிரொலித்தது. சரக்குக்கு மைனஸ் 18 டிகிரி உறுதி செய்யும் தொழில், அதைத் தொட்டுத் தயாரிக்கும் கைகளுக்குக் கையுறையும் ஓய்வும் நியாயக் கூலியும் உறுதி செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

பெட்டி குளிர்விக்காது

கப்பலில் போகும் குளிர்ப்பெட்டியைத் தொழிலில் ரீஃபர் என்பார்கள். நாற்பது அடி நீளம், பெரும்பாலும் வெள்ளை நிறம், ஒரு முனையில் குளிர்பதன இயந்திரம், மறுமுனையில் கதவு. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் செய்யும் முதல் பிழை, இந்தப் பெட்டி சரக்கைக் குளிர வைக்கும் என்று நம்புவது. அது அதன் வேலையே அல்ல. ஃபிளாஸ்க்கில் ஆறிய காப்பியை ஊற்றினால் சூடாகாது, அதுபோலத்தான் ரீஃபரும். சரக்கு எந்த வெப்பநிலையில் உள்ளே போகிறதோ அதைக் காப்பாற்ற மட்டும் அதற்குத் தெரியும். மைனஸ் 10இல் ஏற்றிய இறால், வழியில் மைனஸ் 18 ஆகிவிடும் என்று எண்ணி அனுப்பியவர்கள் நட்டப்பட்டிருக்கிறார்கள்.

அதன் தரையில் நீளவாக்கில் அலுமினியப் பள்ளங்கள் ஓடும். இயந்திரம் குளிர்காற்றை அடியில் செலுத்தும்; அது பள்ளங்கள் வழியே கதவு வரை போய், மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பி வரும். பக்கச் சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட அடுக்கக் கூடாது. அடுக்கினால் காற்றின் திரும்பும் வழி அடைபடும். உறைந்த சரக்கென்றால் பெட்டிகளை நெருக்கி அடுக்கலாம், காற்று சுற்றி வந்தால் போதும். பழமும் காய்கறியும் வேறு. அவை பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன. அவற்றின் பெட்டிகளில் துளைகள் ஒன்றுக்கு நேர் ஒன்று அமைந்து, காற்று ஊடுருவிப் போக வேண்டும். வெளிக்காற்று வரும் சாளரமும் திறந்திருக்க வேண்டும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். குளிர்ந்த சரக்கும் உறைந்த சரக்கும் ஒரே பெட்டியில் போக முடியாது.

நம் கடலோர ஈரக்காற்றில் இன்னொரு கவனம் வேண்டும். வெறும் பெட்டியை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு, வெட்டவெளியில் கதவைத் திறந்து ஏற்றினால் ஈரம் உள்ளே பாய்ந்து இயந்திரத்தின் குளிர்ச்சுருளில் பனியாகப் படியும். காற்றோட்டம் குறையும். குளிர்க்கிடங்கின் வாசலோடு பெட்டியின் வாசலைப் பொருத்தி, இடையில் வெளிக்காற்று புகாமல் ஏற்றுவதுதான் முறை. கதவைப் பூட்டி முத்திரை வைத்த பிறகு பெட்டிக்குள் இருக்கும் பதிவுக் கருவி வெப்பநிலையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகும். வழியில் எங்கே மின்சாரம் நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதெல்லாம் அதில் பதியும். இழப்பீட்டு வழக்குகளில் சாட்சி அதுதான்.

பிரெஞ்சுக்காரர் கண்ட வழி

குளிர்பதன இயந்திரத்தால் உணவைக் குளிர வைத்துக் கடல் தாண்ட வைத்த முதல் கப்பல் பிரெஞ்சுக் கப்பல் என்பது புதுச்சேரிக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி. ஷார்ல் தெலியே என்ற பொறியாளர் தாம் உருவாக்கிய குளிர்பதன இயந்திரத்தைப் பொருத்தி, 'ஃப்ரிகோரிஃபிக்' என்று பெயரிட்ட கப்பலை 1876 செப்டம்பரில் ரூவான் நகரிலிருந்து அனுப்பினார். அது அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் இறைச்சியோடு புவனஸ் அயர்ஸ் சேர்ந்தது. அடுத்ததாக, ஃபெர்தினான் காரே வடிவமைத்த அம்மோனியா இயந்திரத்தோடு போன 'பராகுவே' கப்பல் 1878இல் உறைந்த ஆட்டிறைச்சியை நல்ல நிலையில் பிரான்சுக்குக் கொண்டுவந்தது. 1882இல் நியூசிலாந்திலிருந்து சுமார் ஐயாயிரம் ஆடுகளின் இறைச்சியோடு லண்டன் சேர்ந்த 'டனிடின்' கப்பல் இந்த வணிகத்தை நிலைநிறுத்தியது. அந்த ஒரு வழியால் நியூசிலாந்தின் பொருளாதாரமே மாறியது. தெலியே 1913இல் பாரிசில் வறுமையில் இறந்தார். கண்டுபிடித்தவர் கையில் குளிர் நிற்கவில்லை. கப்பலும் கிடங்கும் வைத்திருந்தவர்கள் கைக்கு அது போய்விட்டது.

அதே காலத்தில் புதுச்சேரி என்ன அனுப்பிக்கொண்டிருந்தது? 1866இல் திறக்கப்பட்ட இரும்புக் கடல்பாலத்துக்கு நிலக்கடலை மூட்டைகள் வந்து குவிந்தன. மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் அவை போயின. நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. கெடாத சரக்கு மட்டுமே போக முடிந்தது. பாலம் வருவதற்கு முன், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டில், கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சலங்கு என்னும் படகுகள்தான் அலை தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சலங்குக்காரர்கள் இல்லாமல் பிரெஞ்சுக் கும்பினியின் வணிகம் நடக்கவில்லை.

வாசலில் கடல், வழியோ சாலை

பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் அழிந்தது. சற்றுத் தள்ளிக் கட்டிய கான்கிரீட் பாலம் 1962 முதல் பயன்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி கடலில் சரிந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கல் தடுப்புகள் கட்டி இன்றைய துறைமுகம் அமைத்தார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தடுப்புகள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து முகத்துவாரத்தைத் தூர்க்கிறது. வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் கரை அரித்து, மீனவர் படகு நிறுத்த இடமில்லாமல் போனது. துறைமுகம் வாங்கிக்கொண்ட விலை இது. அந்த விலையை மீனவக் குப்பங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.

சென்னைத் துறைமுகமும் புதுச்சேரி அரசும் 2017இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, 2023 பிப்ரவரியில் 'ஹோப் செவன்' என்ற சிறு சரக்குக் கப்பல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது. கண்டெய்னர்களைக் கடல்வழியே சென்னைக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய கப்பலில் ஏற்றுவதுதான் திட்டம். எண்ணம் நல்லது. ஆனால் ரீஃபர் வெறும் பெட்டி அல்ல. கரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். செருகுமுனை வரிசையும், மின்தடை வந்தால் உடனே ஓடும் ஜெனரேட்டரும், பழுது பார்க்கும் ஆளும் துறைமுகத்தில் இருக்க வேண்டும். முகத்துவாரம் தூர்ந்து கப்பல் ஒரு வாரம் தாமதமானால் ஏற்றுமதியாளர் அந்த வழியை மறந்துவிடுவார். நிச்சயம் இல்லாத வழிக்கு யாரும் உறைந்த சரக்கை நம்பித் தர மாட்டார்கள்.

அதனால் உறைந்த சரக்கு நம்பியிருப்பது சாலையை. 150 கிலோமீட்டருக்கும் மேல், லாரியில் பொருத்திய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க, சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிறது. துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது வடசென்னை அறிந்த பழைய கதை. அந்த வரிசையில் டீசல் எரிகிறது. டீசல் தீர்ந்தால் சரக்கு எரிந்த கணக்கு. பிறகு பெரும்பாலும் கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் போன்ற இடங்களில் கப்பல் மாறி, ஒரு மாதத்துக்கும் மேல் கடலில் கழிகிறது.

ஆமையும் காய்கறியும்

குளிர் சரியாக இருந்தாலும் போதாது. 2019 முதல் அமெரிக்கா, இந்தியக் கடலில் வலை போட்டுப் பிடிக்கும் இறாலை வாங்குவதில்லை. இழுவலையில் கடலாமைகள் சிக்காமல் தப்பிக்கும் ஆமை விலக்குக் கருவி பொருத்தவில்லை என்பது காரணம். வளர்ப்பு இறாலுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே பண்ணைக்காரருக்குத் திறந்திருக்கும் மிகப் பெரிய சந்தை, கடலில் பிடிக்கும் மீனவருக்கு மூடிக் கிடக்கிறது. பங்குனி ஆமைகள் புதுச்சேரிக் கடற்கரைக்கும் முட்டையிட வருகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பார்த்தோம். வலையில் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம் ஆமையையும் காப்பாற்றும், சந்தையையும் திறக்கும். மீன் குறைந்துவிடுமோ என்ற மீனவரின் அச்சம் நியாயமானது. முதல் சில ஆண்டுகளுக்கு அந்த இழப்பை அரசு ஏற்றுக்கொண்டால் அச்சம் நீங்கும்.

ஐரோப்பாவின் கவலை வேறு. 1997இல் சுகாதாரக் குறைபாடு காரணமாக இந்தியக் கடல் உணவுக்கு அங்கே தடை வந்தது. தொழிற்சாலைகள் தம்மை மாற்றிக்கொண்ட பிறகே கதவு திறந்தது. இன்று வளர்ப்பு இறாலில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருக்கிறதா என்று துருவிப் பார்க்கிறார்கள். காய்கறிக்கும் இதே கண்டிப்புதான். 2014 மே மாதம் பழ ஈக்களைக் காரணம் காட்டி மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது.

இது புதுச்சேரியின் பல குடும்பங்களுக்குச் சமையலறைச் செய்தி. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறார்கள். லா ஷப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகளில் உறைபெட்டியைத் திறந்தால் நறுக்கிய முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பரோட்டா, வஞ்சிரத் துண்டு எல்லாம் இருக்கும். உறைய வைத்தால் பழ ஈ பிரச்சினை தீரும். பூச்சிமருந்து எச்சம் தீராது. அது தோட்டத்திலேயே தீர வேண்டிய விஷயம்.

வழி மாறினால் விலை மாறும்

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் இரண்டு வாரம் வரை நீண்டது. உறைந்த இறால் அதைத் தாங்கும்; அதில் முடங்கும் சிறு ஏற்றுமதியாளரின் பணம் தாங்காது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதி வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நாட்டை நம்பியிருந்த கடல் உணவுத் தொழில் திணறியது. வாங்குபவர் தள்ளிப்போட்டால் ஏற்றுமதியாளர் குளிர்க்கிடங்கில் வைத்துக் காத்திருக்கலாம். பண்ணையில் இறாலை வளர்த்து நிற்கும் விவசாயிக்குக் கிடங்கு இல்லை. வளர்ந்த இறாலைக் குட்டையில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? கிடைத்த விலைக்குக் கொடுத்தார். அதிர்ச்சி எங்கே தொடங்கினாலும், குளிர் இல்லாதவர் தலையில்தான் வந்து இறங்குகிறது.

உறைந்த உணவு அனுப்ப நினைப்பவர்களுக்கு

● ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு உரிமம் இரண்டும் அடிப்படை. கடல் உணவென்றால் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்திலும், காய்கறி, பழம் என்றால் வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபேடாவிலும் பதிவு வேண்டும்.

● மீன், இறாலுக்கு ஏற்றுமதி ஆய்வு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தொழிற்சாலை வழியாகவே போக முடியும். சொந்தத் தொழிற்சாலை இல்லாதவர்கள் அங்கீகாரம் உள்ள ஆலையில் பதப்படுத்தி அனுப்பலாம்.

● சாதாரணச் சரக்கைப் போல உறைந்த சரக்கில் அரைப் பெட்டி, கால் பெட்டி இடம் கிடைப்பது அரிது. ஒரு முழு ரீஃபருக்குச் சரக்கு சேருமா என்று முதலில் பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து அனுப்புவதென்றால் எல்லாச் சரக்கும் ஒரே வெப்பநிலைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

● காலிப் பெட்டியை எடுக்கும்போது இயந்திரப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். ஏற்றும்போது சரக்கின் நடுப்பகுதி வெப்பநிலையை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் பக்கத்து ஆதாரம் அதுதான்.

● வாங்கும் நாட்டின் விதியை வாங்குபவரிடம் எழுத்தில் பெறுங்கள். பால், இறைச்சி கலந்த உணவுகளுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு மிக அதிகம்.

கரைக்கு வரட்டும் குளிர்

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பிட்ட மொத்த முதலீடு 20,050 கோடி ரூபாய். ஐஸ் ஆலை, குளிர்க்கிடங்கு, ஐஸ் பெட்டி வைத்த இருசக்கர வண்டி, குளிர்வண்டி எல்லாவற்றுக்கும் அதில் மானியம் உண்டு. பெண்களுக்கு 60 சதவீதம் வரை. பணம் இருக்கிறது. மீதிப் பணத்தைப் போடவும், இடம் காட்டவும், ஆவணம் தரவும் முடியாததால் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை அது எட்டுவதில்லை. தனி ஆளாக ஒரு மீன்காரம்மா குளிர்க்கிடங்கு கட்ட முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் கட்ட முடியும். ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் மதிப்புள்ள குப்பங்கள் இவை. பொதுச் சொத்தாக ஒரு ஐஸ் ஆலையை நடத்தும் ஒழுங்கு அவர்களிடம் இருக்கிறது.

ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில் ஒவ்வொரு மீன் இறங்கும் குப்பத்திலும் குடிநீரில் செய்த ஐஸ், நிழல் மேடை, சூரிய மின்சாரத்தில் இயங்கும் சிறு குளிர் அறை. அடுத்து குபேர் அங்காடிக்கும் மற்றச் சந்தைகளுக்கும் அருகே பெண்களின் பெயரில் பொதுக் குளிர்க்கிடங்கு; விற்காத மீனை மாலையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் மறுநாள் காலை விற்க அது போதும். பிறகு முகத்துவாரத்தை ஆண்டுதோறும் தூர்வாரும் நிரந்தர ஏற்பாடு. அது படகுகளுக்கும் உயிர்நாடி. இவையெல்லாம் அமைந்த பின் துறைமுகத்தில் ரீஃபர் செருகுமுனைகளும் சென்னைக்கு நாள் தவறாத கப்பலும் வந்தால் அதில் ஏற்ற உள்ளூர்ச் சரக்கு இருக்கும். இன்றைய திட்டங்கள் கப்பலிலிருந்து தொடங்குகின்றன. கூடையிலிருந்து தொடங்க வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். "ஐஸ் வெச்ச மீனா?" என்று கேட்டு ஆமாம் என்று பதில் வந்தால், அந்த மீனையே வாங்கலாம். ஸ்பெயினிலும் ஜப்பானிலும் உள்ளவர் குளிருக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்கை நம் ஊர் மீன்காரம்மாவுக்கு நாம் கொடுத்தால், ஐஸ் வாங்குவது அவருக்குச் செலவாக இருக்காது, முதலீடாக மாறும். விலை பேசும்போது அவசரம் இல்லாதவர்தான் ஜெயிக்கிறார். கடலில் இறங்கி மீன் பிடிப்பவரும், அதைக் கூடையில் சுமந்து விற்பவரும் அவசரம் இல்லாமல் விலை பேசும் நாள் வர வேண்டும். அதற்குத் தேவையான இயந்திரம் கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது.